கைடு பிடிக்கும் முன்: ஒரு மருத்துவ ஆய்வாளரின் கட்டுரைகளை எதை வைத்து எடை போடுவது?

போன மாதம் ஒரு சாயங்காலம், நூலகத்தைப் பூட்டும் நேரத்தில் போன் வந்தது. எங்கள் மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத்தில் எம்.டி. முடித்துவிட்டுப் போன பெண்.

"சார், பிஎச்.டி. சேரலாம்னு இருக்கேன். டி.பி. பத்தித்தான். ரெண்டு பேர் கைடா இருக்க ஒத்துக்கிட்டாங்க. ஒருத்தருக்கு எச்-இண்டெக்ஸ் 41. இன்னொருத்தருக்கு 14. அப்பா 41-ஐப் பிடிச்சுக்கோங்கிறார்."

அவள் அப்பா வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். எண் என்றால் அவருக்கு ஒரு நம்பிக்கை. அவரைக் குறை சொல்வதற்கில்லை; தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்களே பலர் அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுகிறார்கள்.

"ரெண்டு நாள் டைம் குடும்மா, பார்த்துச் சொல்றேன்" என்றேன். அந்த இரண்டு நாளில் எதையெல்லாம் பார்த்தேன், எதை நம்பினேன், எதை ஒதுக்கினேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். கைடு தேடுகிறவர்களுக்கு மட்டுமல்ல, யாருக்கு விருது கொடுப்பது, யாரை வேலைக்கு எடுப்பது என்று உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களுக்கும் இது உதவலாம். இருவருடைய பெயரும் இங்கே தேவையில்லை. நாற்பத்தொன்று, பதினான்கு என்றே வைத்துக்கொள்வோம்.

எத்தனை கட்டுரை?

இதை முதலிலேயே தள்ளிவிடலாம். பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்று விதி வந்த நாளிலிருந்து, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சேற்றும் இதழ்கள் மழைக்கால ஈசல் மாதிரி பெருகிவிட்டன. ஒரே ஆய்வை மூன்றாகக் கூறு போட்டு மூன்று கட்டுரை ஆக்குவதும் நடக்கிறது. நாற்பத்தொன்றுக்கு 200-க்கு மேல் கட்டுரைகள், பதினான்குக்கு நாற்பது சொச்சம். இந்த வித்தியாசத்தை நான் குறித்துக்கொள்ளக்கூட இல்லை.

எச்-இண்டெக்ஸ்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்தது இது. கணக்கு எளிது. ஒருவருடைய கட்டுரைகளை, மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற வரிசையில் அடுக்கி, வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள் எத்தனையாவது கட்டுரை வரை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 90, 40, 22, 9, 6, 5, 3 என்று இருந்தால், ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், அதாவது ஐந்துக்குக் குறையவில்லை. ஆறாவதற்கு 5-தான், அது ஆறுக்குக் குறைவு. ஆக இவருடைய எச்-இண்டெக்ஸ் 5. முதல் கட்டுரையின் 90 மேற்கோள் 9,000 ஆனாலும் இந்த 5 அசையாது. நான்கே நான்கு கட்டுரை எழுதியவருக்கு, அந்த நான்கும் உலகையே புரட்டிப் போட்டாலும், 4-க்கு மேல் ஏறாது.

ஒரே ஒரு நல்ல கட்டுரையால் பெயர் வாங்கியவரையும், நிறைய எழுதி யாரும் சீந்தாதவரையும் விலக்கி, நிதானமாக வேலை செய்துகொண்டிருப்பவரைக் காட்டும் என்பதுதான் இதன் பலம். அதே காரணத்தால் வயதானவருக்கு இது சாதகம். இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. எழுதுவதை நிறுத்தினாலும், ஆள் இறந்தே போனாலும் ஏறலாம்.

அடுத்த சிக்கல், எங்கே பார்ப்பது என்பது. மேற்கோளை எண்ணித் தரும் தளங்களில் கூகுள் ஸ்காலர் இலவசம், ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் சந்தா. ஸ்காலர் கண்ணில் படுவதையெல்லாம் அள்ளிக்கொள்ளும்: மாநாட்டுத் தொகுப்பு, ஆய்வேடு, இதழில் வரும் முன்பே இணையத்தில் போடும் முன்பதிப்பு எல்லாமே கணக்கில் சேரும். மற்ற இரண்டும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எண்ணும். அதனால் ஒரே ஆளுக்கு மூன்று இடத்தில் மூன்று எண் வருவது சகஜம், பொதுவாக ஸ்காலரில்தான் அதிகம். நாற்பத்தொன்றின் 41 ஸ்காலர் கணக்கு, ஸ்கோபஸில் 33. பதினான்குக்கு இரண்டிலும் அநேகமாக ஒரே எண்தான். ஒருவரை ஒரு தராசிலும் இன்னொருவரை வேறு தராசிலும் நிறுத்தி ஒப்பிடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரிய தலைவலி: இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எஸ். குமார் என்று ஒருவர் எழுதினால் ஒரு இதழ் 'குமார் எஸ்' என்று போடும், இன்னொன்று செந்தில்குமார் என்று விரித்து எழுதும், மூன்றாவது அப்பா பெயரைக் கடைசியில் சேர்த்து அதையே குடும்பப் பெயராக்கிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிக்கொண்ட பெண் மருத்துவர்களின் பாதி வேலை வேறொருவர் கணக்கில் கிடக்கும். நாற்பத்தொன்றின் ஸ்காலர் பக்கத்தைத் திறந்து கீழே இறங்கிக்கொண்டே வந்தேன். டி.பி., நீரிழிவு, தாய்-சேய் நலம் என்று வந்துகொண்டிருந்தது, திடீரென்று சிமெண்ட் கலவையில் சாம்பல் சேர்ப்பது பற்றி ஒரு கட்டுரை. இன்னும் கொஞ்சம் கீழே நெல் வயலில் நைட்ரஜன். அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். பக்கத்தை உருவாக்கியபோது ஸ்காலர் 'இவையெல்லாம் உங்களுடையவையா' என்று கேட்டிருக்கும், அவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டிருப்பார். இதைத் தவிர்க்கத்தான் 2012-இலிருந்து ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இருக்கிறது. நம் ஆட்கள் பலர் அதை வாங்கி வைத்துவிட்டு, ரேஷன் கார்டு மாதிரி பீரோவில் பூட்டிவிடுகிறார்கள்.

மேற்கோள் என்றால் மரியாதையா?

எச்-இண்டெக்ஸோ, மொத்த மேற்கோளோ, இரண்டுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: ஒருவர் எழுதியதை மற்றவர் குறிப்பிட்டால் அது மதிப்பு. மருத்துவத்தில் இந்த நம்பிக்கை ஆபத்தானது.

1951-இல் ஆலிவர் லௌரியும் உடனிருந்தவர்களும் ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்க ஒரு வழி சொன்னார்கள். மூன்று லட்சத்துக்கு மேல் மேற்கோள், உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை. டி.என்.ஏ.வின் வடிவத்தைச் சொன்ன 1953-ஆம் வருடக் கட்டுரை அந்தப் பட்டியலின் முதல் நூறில்கூட இல்லை. எல்லோர் சமையலுக்கும் உப்பு வேண்டியிருக்கிறது, அதனால் உப்புக்கு மேற்கோள் அதிகம், அவ்வளவுதான்.

இன்னொரு கோடியில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட். தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு, 12 குழந்தைகளை மட்டும் வைத்து 1998-இல் லான்செட் என்ற பெரிய மருத்துவ இதழில் வந்த கட்டுரை. 2010-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. அதற்கு ஆயிரத்துக்கு மேல் மேற்கோள் உண்டு. பெரும்பாலானவை 'இது தப்பு' என்று சொல்ல வந்தவை. எண்ணும் எந்திரத்துக்கு அடியும் அணைப்பும் ஒன்றுதான்.

இதைவிட என்னைப் பயமுறுத்துவது யோவாக்கிம் போல்ட் கதை. ஜெர்மானிய மயக்கவியல் நிபுணர். ரத்த அளவு குறைந்த நோயாளிகளுக்கு ஏற்றும் ஹைட்ராக்சிஎதில் ஸ்டார்ச் என்ற திரவத்தைப் பற்றி எழுதிக் குவித்தார். நிறைய மேற்கோள். எல்லாவற்றையும் தொகுத்துப் பார்க்கும் மெட்டா அனாலிசிஸ்களில் அவருடைய சோதனைகளும் சேர்ந்தன. பிறகு மோசடி வெளியே வந்து கட்டுரைகள் டஜன் கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. 2013-இல் அவருடைய சோதனைகளை விலக்கிவிட்டு மறுபடி கணக்குப் போட்டபோது, அந்தத் திரவம் ஏற்றப்பட்ட தீவிர நோயாளிகளில் இறப்பு கூடுவது தெரிந்தது. அவர் எண்கள் உள்ளே இருந்தவரை அது மறைந்திருந்தது. கல்வி உலகில் செல்வாக்கு உள்ளவர் என்று சொல்லும்போது, செல்வாக்கு எந்தப் பக்கம் இழுத்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

அதனால் யார் பெயரைத் தேடினாலும் முதல் வேலையாக, அவர் கட்டுரை ஏதாவது திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். மருத்துவக் கட்டுரைகளின் இலவச இணையப் பட்டியலான பப்மெட்டில் அப்படிப்பட்ட கட்டுரையின் தலையிலேயே எழுதியிருக்கும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தொகுப்பும் 2023-இலிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கிறது. இரண்டு பேரும் இதில் சுத்தம்.

எந்த ஜர்னலில் வந்தது?

இம்பாக்ட் ஃபேக்டர் என்பது இதழுக்கான எண். முந்தைய இரண்டு வருடத்தில் அந்த இதழில் வந்தவற்றுக்கு இந்த வருடம் கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு வருடக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. சராசரி என்பதால், நாலைந்து கட்டுரைகள் தூக்கிப் பிடித்தால் இதழே உயரத்தில் நிற்கும். 'சி.ஏ.' என்ற அமெரிக்கப் புற்றுநோய் இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் நூறுகளில் இருக்கக் காரணம், வருடா வருடம் அது வெளியிடும் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரை. அதே இதழில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கட்டுரைக்கும் அந்தப் பெருமை ஓசியில் கிடைக்கிறது.

பெரிய இதழில் வந்தால் தரம் நிச்சயம் என்றும் சொல்ல முடியாது. 2020 மே 22 அன்று கொரோனாவுக்குக் கொடுத்துப் பார்த்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து பற்றி லான்செட்டில் வந்த ஒரு கட்டுரை ஜூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டது. நடுவில் இரண்டு வாரம்கூட முழுசாக இல்லை. தரவு எங்கிருந்து வந்தது என்று யாராலும் சரிபார்க்க முடியவில்லை.

மாறாக, திலீப் மஹலனாபிஸ். 1971, வங்கதேசப் போர், மேற்கு வங்கத்தில் பன்காவ் அகதி முகாம், காலரா. நரம்பில் ஏற்ற சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார், அதையும் நோயாளியின் சொந்தக்காரர்கள் கையால் கொடுக்க வைத்தார். 30 சதவீதத்தை ஒட்டி இருந்த இறப்பு அவருடைய முகாமில் 3.6 சதவீதமாக இறங்கியது. இந்த அனுபவம் 1973-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ இதழில் வந்தது. அந்த இதழே இன்று இல்லை. ஐந்து வருடம் கழித்து லான்செட் தலையங்கம் இந்தச் சிகிச்சை முறையை நூற்றாண்டின் ஆகப்பெரிய மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. இம்பாக்ட் ஃபேக்டரை வைத்துத் தேர்ந்தெடுக்கும் குழு எதுவும் மஹலனாபிஸை அந்த ஒரு கட்டுரைக்காக நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்காது.

இதழ் பெயரை நான் ஒரேயடியாகத் தூக்கி எறிவதில்லை. பெயரே கேள்விப்படாத, ஆசிரியர் குழுவில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத இதழில் பாதிக் கட்டுரை இருந்தால் அது ஒரு சேதி. அதற்கு மேல் இதழ் எதுவும் சொல்லாது.

2 சதவீதப் பட்டியல்

ஒவ்வொரு வருடமும் செய்தித்தாளில் வரும்: 'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகளில் எங்கள் பேராசிரியர்'. கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்து மாலைகூடப் போட்டிருப்பார்கள். ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவை வைத்துத் தயாரிப்பது இது. உண்மையில் எச்-இண்டெக்ஸைவிடப் புத்திசாலித்தனமான கணக்கு. முதல் ஆசிரியரா, கடைசி ஆசிரியரா, தனி ஆசிரியரா என்று பார்க்கிறது, தன்னைத்தானே மேற்கோள் காட்டிக்கொண்டதைக் கழித்தும் காட்டுகிறது, துறைவாரியாகப் பிரிக்கிறது. ஆனால் வாழ்நாள் பட்டியல், ஒரு வருடப் பட்டியல் என்று இரண்டு உண்டு. ஃபிளெக்ஸில் எது என்று எழுத மாட்டார்கள். அதோடு, ஸ்டான்ஃபோர்டு கூப்பிட்டுக் கொடுத்த விருது மாதிரியும் தொனிக்கும். நாற்பத்தொன்று ஒரு வருடப் பட்டியலில் இருக்கிறார். சந்தோஷம்.

ஆர்.சி.ஆர்.

ரிலேட்டிவ் சைட்டேஷன் ரேஷியோ என்பதன் சுருக்கம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் என்ற தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பப்மெட்டில் இருக்கும் ஒரு கட்டுரையை அதே துறையில், அதே காலத்தில் வந்த மற்றவற்றோடு ஒப்பிட்டு எண் தரும். 1 என்றால் அந்த நிறுவனம் பணம் கொடுத்த ஆய்வுகளின் நடுமட்டம். இதய நோய்க்காரரையும் உடற்கூறியல்காரரையும் ஒரே தராசில் வைக்கும் அபத்தம் இதில் குறைவு. எண் ஏதாவது வேண்டியே தீரும் என்று அடம்பிடிக்கும் குழுவுக்கு இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். பப்மெட்டில் வராத இந்திய இதழ்களில் எழுதுகிறவருக்கு இது நியாயம் செய்யாது.

எண்ணும் வித்தையைக் கண்டுபிடித்தவர் எழுதியது

மேற்கோள்களை எண்ணும் தொழிலுக்கே தகப்பன் யூஜின் கார்ஃபீல்ட். ஃபிலடெல்ஃபியாவில் உட்கார்ந்து 1964-இல், எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று சொல்லும் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸைக் கொண்டுவந்தவர். இம்பாக்ட் ஃபேக்டரும் அவர் வீட்டுப் பிள்ளைதான். அந்தக் கார்ஃபீல்டு 1986-இல் உட்கார்ந்து ஒரு கல்கத்தாக்காரரைப் பற்றி நீளமாக எழுதினார்: சம்பு நாத் தே.

தே ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்தவர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து, லண்டன் போய் பிஎச்.டி. வாங்கிவிட்டு, திரும்பி வந்து நோய்க்குறியியல் கற்பித்தவர். காலராவை உண்டாக்கும் கிருமியை 1884-இல் காட்டிய ராபர்ட் கோக், அது ஏதோ ஒரு நஞ்சால்தான் ஆளைக் கொல்கிறது என்று ஊகித்திருந்தார். அந்த நஞ்சை எழுபது வருடமாக யாராலும் காட்ட முடியவில்லை. தே 1953-இல் முயலின் சிறுகுடலில் ஒரு சின்னத் துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். கட்டிய துண்டு நீர் கோத்து உப்பியது. 1959-இல் ஒரு படி மேலே போனார்: கிருமியை வளர்த்த திரவத்தை வடிகட்டி, கிருமி ஒன்றுகூட இல்லாமல் வெறும் வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் உப்பியது. நஞ்சு வெளியே இருக்கிறது, கிருமி சுரக்கிறது. நேச்சர் இதழில் இரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிட்ட கட்டுரை.

அதற்குப் பிறகு? ரொம்ப நாளைக்கு ஒன்றும் இல்லை. நஞ்சைத் தனியாகப் பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிக் காட்டியது 1969-இல், அமெரிக்காவில் ஃபிங்கெல்ஸ்டைனும் லோஸ்பல்லூட்டோவும். அதன் பின்னால்தான் உலகம் திரும்பிப் பார்த்து, இதை முதலில் காட்டியது யார் என்று தேடியது. கட்டுரை வந்தபோது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை, பின்னால் காலரா ஆய்வின் மைல்கல் ஆனது என்பதுதான் கார்ஃபீல்டு சொன்ன கதை. 1973-இல் தே ஓய்வு பெற்றார். 1978-இல் நோபல் அறக்கட்டளையின் காலரா கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவரைப் பரிசுக்கு ஒரு முறைக்கு மேல் பரிந்துரைத்திருக்கிறார். நம் நாட்டுப் பெரிய விருது எதுவும் அவர் கைக்கு வரவில்லை. 1985-இல் இறந்தார். கார்ஃபீல்டு எழுதியதை அவர் படிக்கவில்லை.

இந்தக் கதையை நான் சொன்னால், எங்கள் பேராசிரியர்கள் 'ஆமாம் சார், நம்மளையும் அப்படித்தான் யாரும் கண்டுக்கல' என்று ஆரம்பித்துவிடுவார்கள். அது வேறு. கவனிக்கப்படாத கட்டுரைகளில் தொண்ணூறு சதவீதம் கவனிக்கத் தேவையில்லாததுதான் என்பது என் அனுபவக் கணக்கு. தே கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறொன்று. 1965-இல் அவரைக் கைடாகப் பிடிக்கலாமா என்று ஒரு மாணவர் யோசித்திருந்தால், எந்த எண்ணும் அந்த மாணவருக்கு உதவியிருக்காது. அந்த இரண்டு பக்கத்தைப் படித்திருந்தால் உதவியிருக்கும். வடிகட்டிய நீரில் கிருமி இல்லை என்பதை எப்படி உறுதிசெய்தார், எதோடு ஒப்பிட்டார் என்று பார்த்தால், ஆளின் கை எப்படிப்பட்டது என்று ஒரு மருத்துவ மாணவருக்கே பிடிபட்டிருக்கும்.

சேத்துப்பட்டில் நடந்தது

டி.பி. என்று அவள் சொன்னதுமே எனக்கு ஞாபகம் வந்தது இன்னொரு கட்டுரை. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் திறந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் கைகோத்த வேலை. அப்போதெல்லாம் டி.பி. என்றால் சானடோரியம்: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. படுக்கைகளோ நோயாளிகளில் சிறு பகுதிக்குக்கூடப் போதாது. இவர்கள் 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள், மீதிப் பேருக்கு வீட்டிலேயே மாத்திரை. வீடு என்றால் ஒண்டுக்குடித்தனம், ஒரே அறையில் ஐந்தாறு பேர். சாப்பாடும் சுமார்தான். ஒரு வருட முடிவில் இரண்டு பக்கமும் குணமானவர்களின் விகிதம் கிட்டத்தட்ட பக்கத்தில் பக்கத்தில் நின்றது. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை.

1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது. உலகமெங்கும் சானடோரியங்கள் காலியாவதற்கு இந்தச் சென்னைக் கட்டுரை ஒரு முக்கியக் காரணம். இன்றைக்கு ஒரு நோயாளி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாரே, அதற்கு வேர் இங்கே இருக்கிறது.

சரி, இதை எழுதியது யார்? ஆசிரியர் இடத்தில் 'காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சென்னை' என்று இருக்கிறது. ஆள் பெயரே இல்லை. இவ்வளவு செல்வாக்கும் எந்தத் தனி மனிதரின் எச்-இண்டெக்ஸிலும் சேராது.

இதற்கு நேர்மாறு இன்றைய நிலை. எந்த நாட்டில் எந்த நோய் எவ்வளவு என்று கணக்கிட, சியாட்டிலில் இருந்து ஒருங்கிணைக்கப்படும் உலக நோய்ச்சுமைக் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் இருப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் மேற்கோள். அந்த ஆய்வின் மேல் எனக்குக் குறை இல்லை, நாங்களே தினமும் எடுத்துக் கொடுக்கிறோம். ஆனால் அதில் பங்கெடுத்த ஒவ்வொருவருக்கும் முழு மேற்கோளும் முழுசாகச் சேர்கிறது. இருநூறு பேர் சேர்ந்து இழுத்த தேரை ஒவ்வொருவரும் தனியாக இழுத்ததாகக் கணக்கு. நாற்பத்தொன்றின் பட்டியலில் மேலே இருக்கும் இருபதில் பதினான்கு இந்த ரகம்.

மேற்கோள் வாக்கியத்தைப் படிப்பது

இரண்டாம் நாள் செய்ததுதான் நான் உண்மையில் நம்பும் வழி. நேரம் பிடிக்கும், ஆனால் பணம் செலவில்லை. ஆளுக்கு ஐந்து கட்டுரை எடுத்தேன். அவர்கள் முதல் ஆசிரியராகவோ கடைசி ஆசிரியராகவோ இருப்பவை மட்டும். மருத்துவத்தில் பொதுவாக முதல் பெயர் வேலை செய்தவர், கடைசிப் பெயர் வழிகாட்டியவர். பிறகு ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டியவர்களில் பத்துப் பேரைத் திறந்து, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் படித்தேன்.

மேற்கோளில் ஜாதி உண்டு. 'டி.பி. இந்தியாவில் பெரிய பிரச்சினை' என்று ஒரு வரி, பின்னால் 3-லிருந்து 17 வரை கொத்தாக மேற்கோள் எண்கள். இது கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவது மாதிரி. விட்டுப்போகக் கூடாதே என்று போட்டது. இன்னொன்று, 'இன்னாருடைய கேள்விப் படிவத்தைப் பயன்படுத்தினோம்', அல்லது 'இன்னார் கண்டதற்கு மாறாக எங்கள் பகுதியில் இப்படி இருந்தது'. இங்கே எழுதுகிறவர் அந்தக் கட்டுரையோடு மல்லுக்கட்டியிருக்கிறார். மூன்றாவது ரகம் அபூர்வம்: ஏதோ ஒரு சிகிச்சை வழிகாட்டியிலோ அரசுக் கையேட்டிலோ அடிக்குறிப்பாக உட்கார்ந்திருப்பது. அங்கே அது ஒரு மருந்துச் சீட்டை மாற்றுகிறது.

நாற்பத்தொன்றின் சொந்தக் கட்டுரைகளுக்கு வந்தவை பெரும்பாலும் முதல் ரகம். மோசமில்லை, ஆனால் கொத்துதான். பதினான்கு எழுதியது கிராமத்து நோயாளிகள் ஏன் நடுவில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள் என்பதைப் பற்றி. அவருடைய படிவத்தை வேறு இரண்டு மாநிலத்துக்காரர்கள் மொழிபெயர்த்து எடுத்திருக்கிறார்கள். ஒருவர் அவரை மறுத்தே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அந்த மறுப்புக்கு இவர் அடுத்த கட்டுரையில் 'நாங்கள் கேட்ட விதத்தில் பிழை இருந்தது' என்று ஒத்துக்கொண்டு படிவத்தை மாற்றியிருக்கிறார். அதைப் படித்ததும் என் மனசு பாதி சாய்ந்துவிட்டது என்பதை மறைக்கவில்லை.

கடைசியாக ஷோத்கங்கா. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் நடத்தும், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் களஞ்சியம். அதில் கைடின் பெயரைப் போட்டுத் தேடலாம். எல்லாப் பல்கலைக்கழகமும் ஒழுங்காக ஏற்றுவதில்லை என்றாலும் ஓரளவு தெரிந்துவிடும். நாற்பத்தொன்றிடம் படித்தவர்களின் ஆய்வேடுகள் ஆறு. பெயர்களைப் பப்மெட்டில் போட்டுப் பார்த்தால், முதல் ஆசிரியராகக் கட்டுரை வைத்திருப்பவர் ஒருவர். பதினான்கிடம் மூன்று பேர், மூன்று பேருக்கும் முதல் பெயரில் கட்டுரை உண்டு, கடைசிப் பெயர் கைடு. மாணவருக்கு முக்கியமானது இதுதான், இது எந்த இண்டெக்ஸிலும் இல்லை.

எண்களை வைத்து வடிகட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஐம்பது விண்ணப்பம் வந்தால் யாராலும் ஐம்பது பேரின் கட்டுரையையும் படிக்க முடியாது. ஸ்கோபஸில் ஒரே நாளில், ஒரே துறைக்குள், இனிஷியல் குழப்பம் தீர்த்துவிட்டுப் பார்த்தால் எச்-இண்டெக்ஸ் ஒரு சல்லடையாக உதவும். ஐம்பது ஐந்தாகலாம். ஐந்து ஒன்றாக வேண்டுமானால் உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான். ஆளே இரண்டு பேர் என்றால் சல்லடைக்கு வேலையே இல்லை.

அதே சமயம், அவளுக்கு வேண்டியது வேறாக இருந்திருந்தால் நானே நாற்பத்தொன்றைச் சொல்லியிருப்பேன். பிஎச்.டி. முடித்து ஆய்வு வேலைக்கு, அதாவது போஸ்ட்-டாக்குக்கு, வெளிநாடு போக வேண்டும், பன்னாட்டுக் குழுக்களில் நுழைய வேண்டும் என்றால் அவருடைய கடிதத்துக்கு எடை அதிகம். நூற்றுக்கணக்கானவர்களோடு வேலை செய்பவருக்கு நூற்றுக்கணக்கான கதவுகள் தெரியும். அதுவும் ஒரு செல்வாக்குதான்.

இரண்டு நாள் கழித்து நானே கூப்பிட்டேன். பதினான்கின் இரண்டு கட்டுரையையும், அந்த மறுப்புக் கட்டுரையையும் அனுப்பி, "மூணையும் படி. போரடிச்சா 41 கிட்டயே போயிடு" என்றேன். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. மறுத்து எழுதியவர் சொன்னதிலும் ஒரு ஓட்டை இருக்கிறதாம். அவர் நகரத்து நோயாளிகளை எடுத்திருக்கிறாராம். இதைப் பதினான்கிடம் கேட்டால் கோபித்துக்கொள்வாரா என்று கேட்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவருக்கே மெயில் போட்டுவிட்டாளாம். அப்பாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை.